தாமே வரைந்து தாமே பதிப்பித்தவர்: படக்கதைக் கலைஞர் ஜெஃப் ஸ்மித்

ஒரு படைப்புக்கும் அதனைப் படைத்தவருக்கும் உள்ள உறவு யாது? பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு போன்றது என்பது நாம் வழக்கமாகக் கூறும் விடை. ஆயினும் பதிப்புலகின் நடைமுறை அவ்வாறு அமைவதில்லை. ஒப்பந்தத் தாளில் கையொப்பம் இட்ட மறுகணமே பிள்ளை பிறர் உடைமையாகிப் பெற்றவர் வாயிலில் நின்று பார்க்கும் நிலை பலருக்கு நேர்ந்திருக்கிறது.

இதற்குப் படக்கதை உலகில் எல்லாரும் காட்டும் சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் ஓஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரப் பள்ளித் தோழர்களான ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இருவரும் ‘சூப்பர்மேன்’ என்னும் பாத்திரத்தை உருவாக்கினர். 1938ஆம் ஆண்டில் அதன் உரிமையை அவர்கள் விற்றுப் பெற்ற தொகை 130 டாலர். அப்பாத்திரம் பின்னர்ப் பதிப்பாளருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. படைத்தவர்களோ முதுமையில் வறுமையுற்றனர். 1975ஆம் ஆண்டில்தான், பொதுமக்கள் எழுப்பிய குரலுக்குப் பின், ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் படைப்பில் பெயர் பொறிக்கப்படும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தன.

அதே ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வளர்ந்த மற்றொரு கலைஞர், தம் படைப்பை எவர்க்கும் விற்காமல், தாமே எழுதி, தாமே வரைந்து, தாமே பதிப்பித்து, பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து நிறைவு செய்தார். அவர் பெயர் ஜெஃப் ஸ்மித். அவர் படைப்பின் பெயர் ‘போன்’. ஆங்கிலத்தில் எலும்பு என்று பொருள்படும் சொல். சொந்தப் பதிப்பு என்னும் முயற்சியின் சிறப்பையும் சுமையையும் ஒருசேர விளக்குவதற்கு அவர் வாழ்வு ஏற்றது என்பதால் அதனை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

மாணவர் இதழில் முளைத்த விதை

ஜெஃப் ஸ்மித் 1960ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளியில் சேரும் பருவத்திலேயே, பழைய தொலைபேசியின் கைப்பிடியை ஒத்த வடிவில், பெரிய மூக்குடன் கூடிய சிற்றுருவம் ஒன்றை அவர் வரைந்து விளையாடினார். அதுவே பின்னாளில் அவருடைய கதைத் தலைவனாயிற்று. வால்ட் கெல்லி வரைந்த ‘போகோ’ என்னும் படக்கதையும், கார்ல் பார்க்ஸ் வரைந்த வாத்துக் குடும்பக் கதைகளும் அவருக்கு இளமையிலேயே வழிகாட்டிகளாக அமைந்தன.

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், அங்கு மாணவர் நடத்தி வந்த ‘தி லான்டர்ன்’ என்னும் நாளிதழில் ‘தார்ன்’ என்னும் படக்கதைத் தொடரை அவர் வரைந்தார். 1982 முதல் 1986 வரை வெளிவந்த அத்தொடரில்தான் பிற்காலப் பெருங்கதையின் மாந்தர் பலர் முதன்முதலாகத் தலைகாட்டினர். நாள்தோறும் குறித்த நேரத்திற்குள் சில கட்டங்களில் ஒரு நகைச்சுவையைச் சொல்லி முடிக்க வேண்டும். மறுநாள் சக மாணவர் அதனைப் படித்துச் சிரித்தார்களா என்பதை உணவு விடுதியிலேயே கண்டுகொள்ளலாம். இதனினும் நல்ல பயிற்சிக்கூடம் ஓர் இளங்கலைஞருக்கு வாய்ப்பது அரிது.

அதன்பின் அவர், பல நாளிதழ்களுக்கு ஒருங்கே படக்கதை வழங்கும் முகமை நிறுவனங்களை அணுகினார். அவை கேட்ட மாற்றங்கள் அவருக்கு உடன்பாடாகவில்லை. அந்நாளில் அத்தகைய ஒப்பந்தங்களில் படைப்பின் உரிமை நிறுவனத்தைச் சார்வதே பெருவழக்காகவும் இருந்தது. எனவே அவர் அவ்வழியைக் கைவிட்டார். 1986ஆம் ஆண்டில் நண்பர்களுடன் கூடிக் கொலம்பஸ் நகரில் கார்ட்டூன் திரைப்படக் கூடம் ஒன்றை நிறுவினார். தொழில் நடந்தது, வருவாயும் வந்தது. ஆனால் பிறர் எண்ணிய கதைகளுக்குத் தாம் உயிரூட்ட, தம் உள்ளத்தில் இருந்த கதையோ காத்துக் கிடந்தது.

நேரடி விற்பனை என்னும் வாயில்

தனி மனிதர் ஒருவர் தம் படக்கதையைத் தாமே அச்சிட்டு நாடெங்கும் விற்பது எவ்வாறு இயலும் என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதற்கு இடமளித்த வணிக முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

அமெரிக்காவில் முன்பெல்லாம் படக்கதை இதழ்கள் செய்தித்தாள் கடைகளிலேயே விற்கப்பட்டன. விற்காத படிகளைக் கடைக்காரர் திருப்பித் தரலாம். எத்தனை படிகள் விற்கும், எத்தனை திரும்பும் என்பது பதிப்பாளருக்கு முன்கூட்டித் தெரியாது. பெருமுதல் உடையவரே இந்த இழப்பைத் தாங்க முடியும். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரப் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபில் சூலிங் என்பவர் மாற்று வழி ஒன்றைக் கண்டார். படக்கதைகளுக்கென்றே நடத்தப்படும் கடைகள் கூடுதல் தள்ளுபடியில் இதழ்களை வாங்கிக்கொள்ளும். வாங்கியவற்றைத் திருப்பித் தருவதில்லை. இதுவே நேரடி விற்பனை முறை எனப்பட்டது.

இம்முறையில் பதிப்பாளர் தம் இதழைப் பற்றிய குறிப்பைச் சில திங்கள் முன்னதாகவே விநியோகஸ்தருக்கு அனுப்புவார். அது விலைப்பட்டியலில் இடம்பெறும். கடைக்காரர்கள் அதைப் பார்த்து, தமக்கு வேண்டிய படிகளின் எண்ணிக்கையைத் தெரிவிப்பார்கள். அவ்வளவையும் கூட்டினால் எத்தனை படிகள் அச்சிட வேண்டும் என்பது அச்சகத்திற்குச் செல்லும் முன்பே தெரிந்துவிடும். ஆகவே சிறு முதல் உடையவரும் துணிந்து இறங்கலாம்.

ஆனால் இதில் கிடைக்கும் பங்கு எவ்வளவு? ஓர் இதழின் விலை 100 எனக் கொள்வோம். விநியோகஸ்தர் ஏறத்தாழ 60 விழுக்காடு தள்ளுபடியில் அதனைப் பெறுவார். அதில் ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொண்டு மீதியைக் கடைக்காரருக்கு விடுவார். பதிப்பாளர் கைக்கு வருவது சுமார் 40. அச்சுக் கூலி, தாள், அனுப்பும் செலவு, விளம்பரம், அடுத்த இதழுக்கான முதல் ஆகிய அனைத்தும் அந்த 40க்குள் அடங்க வேண்டும். எஞ்சுவதே வரைந்தவருக்குரிய ஊதியம். குறைந்த படிகளே விற்றால் எஞ்சுவது ஒன்றுமில்லை. நிறைய விற்றாலோ பங்குபோட வேறு எவரும் இல்லை. கூலிக்கு வரையும் கலைஞர் பக்கத்திற்கு இவ்வளவு என்று பெற்றுச் சென்றுவிடுவார். சொந்தப் பதிப்பாளர் இழப்பையும் ஈட்டத்தையும் ஒருங்கே தம் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார்.

இவ்வழியில் ஸ்மித்துக்கு முன்னோடிகளும் இருந்தனர். கனடா நாட்டின் டேவ் சிம் 1977ஆம் ஆண்டில் ‘செரிபஸ்’ என்னும் இதழைத் தொடங்கி, 2004ஆம் ஆண்டில் 300ஆம் இதழுடன் நிறைவு செய்தார். வெண்டி பினி, ரிச்சர்ட் பினி தம்பதியர் 1978ஆம் ஆண்டில் ‘எல்ஃப்க்வெஸ்ட்’ என்னும் தொடரைத் தாமே வெளியிடத் தொடங்கினர். கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டில் கடன் பணத்தைக் கொண்டு வெளியிட்ட ஆமை வீரர்கள் கதை உலகப் புகழ் பெற்றது.

இருவர் நடத்திய பதிப்பகம்

1991ஆம் ஆண்டில் ஸ்மித் தம் கார்ட்டூன் கூடத்தை விட்டு விலகி, ‘கார்ட்டூன் புக்ஸ்’ என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே ‘போன்’ முதல் இதழ் கறுப்பு வெள்ளையில் வெளிவந்தது. எழுதியவர், வரைந்தவர், பேச்சு வளையங்களுள் எழுத்துகளைத் தீட்டியவர், அச்சகத்துடன் பேசியவர், கணக்கு எழுதியவர் அனைவரும் அவர் ஒருவரே.

விளைவு யாதாயிற்று? ஒருபுறம் கடைகளிலிருந்து வரும் கேள்விகளுக்கு விடை அளிக்க வேண்டும். மறுபுறம் அடுத்த இதழ் மேசையில் காத்திருக்கும். பதிப்பாளர் வேலை முடிந்தால்தான் கலைஞர் தூரிகையை எடுக்க முடியும். இந்நிலையில் 1992ஆம் ஆண்டில் அவருடைய மனைவி விஜயா ஐயர் தம் வேலையை விட்டுப் பதிப்பகத்தின் பங்காளியானார். தமிழ்ச் செவிகளுக்கு அயலாக ஒலிக்காத அப்பெயரைப் படக்கதை ஆர்வலர் பலர் அறிவர். அச்சு, விநியோகம், உரிமங்கள், பிறமொழிப் பதிப்புகள் ஆகிய அனைத்தையும் அவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஸ்மித் மீண்டும் வரைபலகைக்குத் திரும்பினார்.

சொந்தப் பதிப்பு என்றவுடன் தனி ஒருவரின் வீரச்செயலாக அதனைக் கருதுவது நம் இயல்பு. உண்மை அதுவன்று. நிறுவனம் செய்ய வேண்டிய பணி எங்கும் மறைந்துவிடுவதில்லை. யாரேனும் ஒருவர் அதைச் செய்தே ஆக வேண்டும். அட்டையில் ஒரு பெயர் இருப்பினும் அந்நூல் இருவர் உழைப்பால் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இப்பதிப்பகம் செய்த மற்றொரு செயலும் குறிக்கத்தக்கது. தொடர் கதையின் இருபதாம் இதழைக் கையில் எடுக்கும் புதிய வாசகர், முதல் இதழ் கிடைக்காவிடின் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே இதழ்களைச் சில சில பகுதிகளாகத் தொகுத்து நூலாக்கி, அந்நூல்களை என்றும் விற்பனையில் இருக்குமாறு பார்த்துக்கொண்டனர். இதழ் இரண்டு திங்களில் கடையை விட்டு நீங்கும். நூலோ ஆண்டுக்கணக்கில் அலமாரியில் நிற்கும். சொந்தப் பதிப்பாளருக்கு நிலைத்த வருவாய் நூலினாலேயே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கதையும் கலையும்

வணிகத் திறன் மட்டுமே ஒரு படைப்பை வாழ வைக்காது. ‘போன்’ கதையின் சுவையையும் சிறிது காண்போம். ஃபோன் போன், ஃபோனி போன், ஸ்மைலி போன் ஆகிய மூவர் உறவினர். ஃபோனி போன் பேராசைக்காரன். அவனுடைய சூழ்ச்சியால் ஊரார் சினந்து மூவரையும் விரட்டுகின்றனர். பாலைவனத்தில் வழிதவறி, வெட்டுக்கிளிக் கூட்டத்தால் பிரிக்கப்பட்டு, அறியாத பள்ளத்தாக்கு ஒன்றை அடைகின்றனர். அங்கே தார்ன் என்னும் இளம்பெண்ணும், பசுக்களோடு போட்டியிட்டு ஓடும் அவளுடைய பாட்டியும் வாழ்கின்றனர். முதலில் வேடிக்கையாகச் செல்லும் கதை, மெல்ல மெல்ல அரசுரிமை, போர், பழம்பகை என விரிந்து காப்பியத்தின் அளவை எட்டுகிறது.

நகைச்சுவையிலிருந்து காப்பியத்திற்கு மாறும் இவ்வளர்ச்சி தற்செயலாக நிகழ்ந்ததன்று. கதையின் முடிவைத் தொடக்கத்திலேயே தாம் அறிந்திருந்ததாக ஸ்மித் கூறியிருக்கிறார். விற்பனை உள்ளவரை கதையை நீட்டிக்கொண்டே செல்வது தொடர் இதழ்களின் பொது இயல்பு. முடிவை வகுத்துக்கொண்டு தொடங்குவதும், முடிவு வந்தபோது நிறுத்துவதும், படைப்பு தம் கையில் இருப்பவர்க்கே இயலும்.

கார்ட்டூன் திரைப்படத்தில் பெற்ற பயிற்சி அவருடைய ஓவியத்தில் நன்கு வெளிப்படுகிறது. தூரிகையால் இழுத்த தெளிந்த கோடுகள். தேவையற்ற நிழல்கள் இல்லை. ஒரே காட்சியைச் சிறு மாற்றத்துடன் அடுத்தடுத்த கட்டங்களில் வரைந்து, சிரிப்பு எந்தக் கணத்தில் வெடிக்க வேண்டுமோ அந்தக் கணம் வரை வாசகரைக் காக்க வைப்பார். அப்பள்ளத்தாக்கில் பனிக்காலம் படிப்படியாக வருவதில்லை. மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதைப் போலப் பனி முழுவதும் ஒரே முறையில் தொப்பென்று விழுகிறது. ஃபோன் போன் தான் பெரிதும் விரும்பும் ‘மோபி டிக்’ நாவலைப் படித்துக் காட்டத் தொடங்கினாலே கேட்பவர் உறங்கிவிடுவர். இலக்கிய மாணவரும் ஆசிரியரும் தம்மை நினைத்துச் சிரித்துக்கொள்ளும் இடம் அது!

இடர்களும் ஈடுகொடுத்தலும்

இரு திங்களுக்கு ஓர் இதழ் என்னும் கணக்கில் தொடங்கிய தொடர் அது. அக்கணக்கின்படி 13 ஆண்டுகளில் 78 இதழ்கள் வந்திருக்க வேண்டும். வந்தவை 55. ஆண்டுக்கு நான்குக்குச் சற்று மேல் என்பதே சராசரி. எழுதுவதும் வரைவதும் ஒரே கையால் ஆகும்போது காலத்தாழ்வு தவிர்க்க இயலாதது. காத்திருந்த வாசகரின் பொறுமையும் அப்படைப்பின் முதலீட்டில் ஒரு பகுதி எனலாம்.

புறத்தே நிகழ்ந்த மாற்றங்களும் சிறு பதிப்பாளரை வருத்தின. 1990களின் தொடக்கத்தில், பின்னாளில் விலை ஏறும் என்று எண்ணிப் படக்கதைகளை வாங்கிக் குவித்தவர் பலர். அவ்வெண்ணம் பொய்த்தபோது கடைகள் பல மூடப்பட்டன. அதனுடன் பெரிய பதிப்பகங்கள் ஒவ்வொரு விநியோகஸ்தரைத் தமக்கெனத் தேர்ந்துகொள்ள, 1997ஆம் ஆண்டுக்குள் ‘டயமண்ட்’ என்னும் ஒரு நிறுவனமே நாடளாவிய பெரு விநியோகஸ்தராக எஞ்சியது. அந்தக் குழப்பக் காலத்தில் ‘போன்’ 21ஆம் இதழ் முதல் 27ஆம் இதழ் வரை ‘இமேஜ்’ பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது. படைப்பின் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைப்பது அப்பதிப்பகத்தின் கொள்கை. எனவே 28ஆம் இதழில் ஸ்மித் தம் சொந்தப் பதிப்பகத்திற்கே தடையின்றித் திரும்ப முடிந்தது. புயலுக்கு ஒதுங்குவது வேறு. வீட்டை விற்பது வேறு.

2004ஆம் ஆண்டில் 55ஆம் இதழுடன் கதை நிறைவுற்றது. அவ்வாண்டிலேயே 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரே நூலாக முழுக்கதையும் வெளிவந்தது. படக்கதைத் துறையின் உயர்ந்த பரிசுகளான ஐஸ்னர் விருதுகள் பத்தையும் ஹார்வி விருதுகள் பதினொன்றையும் அப்படைப்பு பெற்றது.

உரிமை தந்த பயன்

உரிமையைக் கைவிடாமையின் முழுப் பயன் அதன் பின்னரே விளைந்தது. 2005ஆம் ஆண்டில் சிறுவர் நூல்களை வெளியிடும் ‘ஸ்கொலாஸ்டிக்’ நிறுவனம் படக்கதைகளுக்கென ‘கிராஃபிக்ஸ்’ என்னும் புதிய பிரிவைத் தொடங்கியபோது, முதற்கண் எடுத்துக்கொண்டது ‘போன்’ கதையையே. ஸ்டீவ் ஹமேக்கர் வண்ணம் தீட்ட, ஒன்பது தொகுதிகளாக அது வெளிவந்து பள்ளி நூலகங்களையும் சிறுவர் கைகளையும் அடைந்தது, இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. கறுப்பு வெள்ளைப் பெருநூலோ கார்ட்டூன் புக்ஸ் வெளியீடாகவே தொடர்ந்தது. பெரிய நிறுவனத்திற்கு எதைத் தருவது, எதைத் தம்மிடம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் இடத்தில் கலைஞர் இருந்தார். 1938இல் 130 டாலர் பெற்ற இளைஞருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு திறமையில் இல்லை, இவ்விடத்தில்தான் உள்ளது.

எல்லாம் கைகூடின என்றும் கூறுவதற்கில்லை. திரைப்பட உரிமையை 2008ஆம் ஆண்டில் வார்னர் நிறுவனம் பெற்றது, படம் வரவில்லை. 2019ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் கார்ட்டூன் தொடராக்குவதாக அறிவித்து, 2022ஆம் ஆண்டில் அம்முயற்சியைக் கைவிட்டது. ஆயினும் அத்தோல்விகளால் நூலுக்கு ஒரு குறையும் நேரவில்லை. நூல் பிறர் முடிவைச் சார்ந்து நிற்கவில்லை அன்றோ!

ஸ்மித் ஓய்ந்திருக்கவுமில்லை. 2008 முதல் 2012 வரை ‘ராசல்’ என்னும் அறிவியல் புனைகதையை 15 இதழ்களில் தாமே வெளியிட்டார். அது முதியோர்க்கான கதை; ‘போன்’ புகழை நம்பி எழுதப்பட்டதன்று. இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்ட ஆதிமனிதனைப் பற்றிய ‘டூக்கி’ என்னும் கதையை 2013ஆம் ஆண்டில் இணையத்தில் தொடங்கினார். பின்னர் வாசகரிடமே முன்பணம் திரட்டும் ‘கிக்ஸ்டார்ட்டர்’ முறையில் அதனை நூலாக்கினார். கடைக்காரரின் முன்பதிவைக் கொண்டு அச்சிட்டவர், இப்போது வாசகரின் முன்பதிவைக் கொண்டு அச்சிட்டார். கருவி மாறியது, கொள்கை மாறவில்லை. 2015ஆம் ஆண்டில் கொலம்பஸ் நகரில் படக்கதைத் திருவிழா ஒன்றைத் தொடங்கிய குழுவில் அவரும் விஜயா ஐயரும் இடம்பெற்றனர். டயமண்ட் நிறுவனமே 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நொடிப்பு மனு அளிக்க நேர்ந்தது என்பதை நோக்கும்போது, எந்த ஒரு வாயிலையும் நிலையானதெனக் கொள்ளாத அவர்தம் முன்னறிவு விளங்கும்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து, எல்லாரும் தம் நூலைத் தாமே பதிப்பிக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. எழுதத் தெரிந்தவர் அனைவருக்கும் கணக்கெழுதத் தெரிவதில்லை. தெரிந்த துணைவரும் அனைவருக்கும் வாய்ப்பதில்லை. நல்ல பதிப்பாளர் கிடைப்பது ஒரு பேறே. நாம் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. கையொப்பம் இடுமுன் எதைத் தருகிறோம் என்று அறிந்து தருதல் வேண்டும். உரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் அதற்குரிய உழைப்பையும் ஏற்றல் வேண்டும். சுமையைப் பிறரிடம் விட்டு உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளும் வழி எங்கும் இல்லை.

மாணவ நண்பர்களுக்கு மேலும் ஒன்று கூறி அமைகிறோம். ‘தி லான்டர்ன்’ நாளிதழில் ஸ்மித் வரைந்த மாணவப் பருவத் தொடர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, அவருடைய சொந்தப் பதிப்பகத்தின் வழியே தனி நூலாக வெளிவந்தது. கோடுகள் தடுமாறும் இடங்களும், நகைச்சுவை விளங்காத இடங்களும் அதில் உண்டு. அவற்றை அவர் மறைக்கவில்லை. பெருங்கதையின் வேர் அங்கே இருக்கிறது என்பதை அவர் அறிவார். கல்லூரி மலர் ஒன்றின் பக்கத்தில் முதன்முதலாகத் தம் பெயரை அச்சில் காணும் மாணவர், அப்பக்கத்தைச் சிறிதென்று எண்ணாமல் பேணி வைப்பாராக. விதை முளைக்கும் காலத்தை விதைத்தவரும் அறியார். ஆனால் விதை அவரிடமே இருத்தல் வேண்டும்.